கதைக்கரு எங்கே பிசகுகிறது? கேட்டவர் சொன்னதை வைத்துத் திருத்தும் வழிமுறை

கதைக்கருவை நாலு பேரிடம் சொல்லியாயிற்று. ஒருவர் முடிவை மாற்றச் சொன்னார். ஒருவர் தாயின் பாத்திரம் போதாது என்றார். இன்னொருவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார். வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தால் எதைத் தொடுவதென்று தெரியவில்லை. இந்த வழிமுறை அந்த நேரத்தில் கையில் எடுப்பதற்கானது. கீழே உள்ள தலைப்புகள் கேட்டவர்களிடமிருந்து வழக்கமாக வரும் பேச்சுகள், அல்லது அவர்கள் முன்னால் எழுதுகிறவருக்கு நேர்கிறவை. உங்களுக்கு வாய்த்தது எதுவோ அங்கிருந்து வாசிக்கலாம்.

அதற்கு முன் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேட்டவர் எந்த இடத்தில் மனம் விலகினார் என்பதில் அவர் சொல்வது சரி. அதில் அவரோடு வாதாட முடியாது. விலகியது அவருடைய மனம். ஆனால் அதை எப்படித் திருத்த வேண்டும் என்று அவர் சொல்வது, பெரும்பாலும் அவர் எழுதியிருக்கக்கூடிய வேறொரு கதைக்குப் பொருந்தும். முன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னதை நன்றி சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவை எப்போது காட்டுவது என்று கேட்பவர்களுக்கு எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்துக் கூத்தையே சொல்வேன். பாத்திரங்களைப் பிரித்துச் சட்டங்கொடுத்து ஆட்டம் பழகும் நாட்களிலேயே ஊரார் ஆடுகளமான களரியோரம் வந்து நின்று விடுவார்கள். தாளம் பிசகுகிறது, பாத்திரத்தின் வரவு தளர்கிறது என்று சொல்வார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் காது கொடுத்துத் திருத்துவார். பிறகு முழுக் கூத்தையும் ஆடி அடுக்குப் பார்ப்பார்கள், அதன் பிறகுதான் அரங்கேற்றம். கதையும் அரைப் பக்கக் கருவாக இருக்கும்போதே நாலு பேர் முன்னால் வர வேண்டும். பதினைந்து பக்கம் எழுதி முடித்தவருக்கு ஒரு வரியை வெட்டவும் மனம் வராது. அரைப் பக்கத்தைத் தூக்கிப் போட்டு மறுபடி எழுத ஒரு பின்னேரம் போதும்.

அந்த அரைப் பக்கத்தில் இருக்க வேண்டியவை: யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, ஏன் இன்று, அது கிடைத்தால் எதை இழப்பார். ‘போர்’, ‘வறுமை’, ‘முதுமை’ என்பவை கதை நடக்கும் நிலம். அவற்றில் எதுவும் கரு ஆகாது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கருவைக் கடைசி வரை கூடவே கொண்டுபோகிறேன். எங்கள் சிறு எழுத்து வட்டம் கல்முனையில் கூடுகிறது. மட்டக்களப்பு நகரிலிருந்தும் தம்பிலுவில் பக்கமிருந்தும் பஸ்ஸில் வந்து சேர இடைநடுவான ஊர். வட்டத்தின் இளம் எழுத்தாளர் ஒருவர் கொண்டுவந்த கரு இது. அவருடைய சம்மதத்தோடு தருகிறேன்.

“மட்டக்களப்பில் ஒரு ஏழைத் தாய். மூத்த மகள் குவைத்தில் வீட்டுவேலை செய்து அனுப்பும் பணத்தில் வீடு கட்டுகிறாள். இளைய மகளுக்குக் கலியாணம் பேசி வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வீடு கேட்கிறார்கள். தாய் தவிக்கிறாள்.”

வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. பெற்றோர் வீட்டைக் கட்டி மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பார்கள், மருமகன் அந்த வீட்டுக்கு வந்து சேர்வார். தமிழர், முஸ்லிம்கள் இரு பக்கத்திலும் இதுவே வழக்கம். இரண்டு மகள்மாரும் ஒரே வீடும் என்றால் இங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்கிறார்கள்

பிழை பெரும்பாலும் கேள்வியில் இருக்கிறது. “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, கருவை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு ஒன்றும் கேட்காமல் கலைந்து போங்கள். ஒரு கிழமை கழித்து, தாளைக் கொடுக்காமல், ஞாபகத்திலிருந்து கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், மற்றவர் சொன்னது காதில் விழக் கூடாது. நீங்கள் மூன்றைக் குறியுங்கள்: எதை விட்டுவிட்டார்கள், எதைச் சேர்த்தார்கள், எந்த இடத்தில் தடுமாறினார்கள்.

எனக்குத் தெரிந்த முறைகளில் இதைப் போல் பயன் தருவது வேறில்லை. மேலே சொன்ன கருவுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். திருப்பிச் சொன்ன எல்லோரும் மூத்த மகளைச் சொன்னார்கள், குவைத்தைச் சொன்னார்கள், வீட்டைச் சொன்னார்கள். இளையவளைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் அதிகமாகச் சொல்லவில்லை. அவள் ‘கலியாணம்’ என்ற சொல்லோடு வந்து அதோடு போய்விட்டாள். ‘தாய் தவிக்கிறாள்’ என்ற வரி எவர் வாயிலிருந்தும் வரவில்லை. ஒருவர் “தாய் அழுகிறாள்” என்றார், ஒருவர் “தாய் தரகரைத் திருப்பி அனுப்புகிறாள்” என்றார். கருவில் இவை இரண்டும் கிடையாது. தவிப்பு என்பது செயலாக இல்லாததால் கேட்டவர்கள் தங்கள் கையிருப்பிலிருந்து ஒரு செயலை எடுத்து அந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். விட்டதும் சேர்த்ததும் ஒரே இடத்தில் வந்தால் அங்கே கருவில் பள்ளம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இன்னும் ஒன்று. “மூத்தவளுக்குத் தெரியாமல் மாப்பிள்ளை வீட்டாரோடு பேசுகிறார்கள்” என்று பலரும் சொன்னார்கள். எழுதியவர் அப்படி எழுதவே இல்லை. மூத்தவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை அவர் யோசித்திருக்கவும் இல்லை. கேட்டவர்கள் தாங்களாகவே ஒரு இரகசியத்தை உள்ளே வைத்துவிட்டார்கள். பலர் ஒரே பொருளைச் சேர்க்கும்போது கதை அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. இரண்டாவது வரைவில் அந்த இரகசியமே நடுவுக்கு வந்தது.

ஒருவரும் வாய் திறக்கவில்லை

எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கும். வட்டத்தில் ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர் இருப்பார், அவரிடம் படித்த இருவர் அதே விறாந்தையில் உட்கார்ந்திருப்பார்கள். ரீச்சரின் கருவைப் பற்றி, அவரிடம் படித்த பிள்ளை என்ன சொல்லும்? ரீச்சர் முதலில் பேசிவிட்டாலோ மற்றவர்கள் அதையே வேறு சொல்லில் சொல்வார்கள். மரியாதையைக் குறை சொல்ல மாட்டேன், அது இருக்கட்டும். அதைச் சுற்றிப் போக வழி வேண்டும்.

வயதில் இளையவர் முதலில் பேசட்டும், மூத்தவர் கடைசியில் பேசட்டும். அதுவும் சரிவராவிட்டால் ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுங்கள், பெயர் எழுதாமல் ஒரே ஒரு கேள்வியை எழுதட்டும். வேறொருவர் எல்லாவற்றையும் வாசிக்கட்டும்.

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லேர்மன் 1990இல் வகுத்த முறை ஒன்று உண்டு. நடனத்துக்காக வந்தது, எழுத்துக்கும் நன்றாகப் பொருந்துகிறது. நான்கு படிகள். கேட்டவர்கள் தங்கள் மனதில் தங்கியது எது என்று முதலில் சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தமக்கு ஐயமான இடங்களைக் கேள்வியாகக் கேட்பார். மூன்றாவதாக, கேட்டவர்கள் தீர்ப்பு கலக்காத கேள்விகளைக் கேட்பார்கள், “ஏன் தாய் இவ்வளவு சுயநலமாக இருக்கிறாள்?” என்பது தீர்ப்பு, “வீட்டைக் கொடுப்பது பற்றித் தாய் என்ன நினைக்கிறாள்?” என்பது கேள்வி. கடைசிப் படியில்தான் அபிப்பிராயம், அதுவும் “இதைப் பற்றி எனக்கொரு அபிப்பிராயம் இருக்கிறது, சொல்லலாமா?” என்று கேட்டு, படைத்தவர் சம்மதித்தால் மட்டும். கூச்சம் மிகுந்த எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு மூன்றாவது படி பெரிய வரம். கேள்வி கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை என்பதால் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள்.

எல்லோரும் ‘பாவம்’ என்கிறார்கள்

இரக்கம் கிடைத்துவிட்டது, கதை கிடைக்கவில்லை. முதன்மைப் பாத்திரத்துக்கு எல்லாம் நேர்கிறது, அவர் ஒன்றும் செய்வதில்லை. வாசகர் உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து போவார்.

பாத்திரத்தின் கையில் ஒரு செயலைக் கொடுங்கள். அது அவரைக் கொஞ்சம் குற்றவாளியாக்கும் செயலாக இருந்தால் இன்னும் நல்லது. எடுத்துக்காட்டுக் கருவில் இந்த இடத்தில் வட்டத்து அக்கா ஒருவர் கேட்ட கேள்வி: “காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது?” காணி தாய்வழி வந்தது, உறுதிப் பத்திரம் தாயின் பெயரில். வீடு மூத்தவளின் பணம். அப்படியானால் தாய் நினைத்தால் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போய் ஒரே காலையில் எழுதிக் கொடுத்துவிடலாம். அந்தக் கேள்வி வந்ததும் தவித்துக்கொண்டிருந்த தாய் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டாள். இரண்டாம் வரைவு இப்படி வந்தது:

“மூத்த மகள் விடுமுறைக்கு வருவதற்கு முன், வீட்டை இளையவளின் பெயருக்கு உறுதி எழுதி முடித்துவிட ஒரு தாய் தீர்மானிக்கிறாள்.”

ஒரே வாக்கியம். விருப்பம் இருக்கிறது, காலக்கெடு இருக்கிறது, இரகசியம் இருக்கிறது, போகப்போகும் பொருள் என்னவென்றும் தெரிகிறது. ‘ஏழை’ என்ற சொல் தானாகவே உதிர்ந்துவிட்டதைக் கவனியுங்கள்.

‘இது இன்னாருடைய கதைதானே’

சிறிய ஊர். தாய்வழிக் குடி தெரியும், கோயில் தெரியும், எந்த வளவில் யார் என்று தெரியும். கேட்டவர் ஆளை அடையாளம் கண்டுவிட்டால் அந்தக் கணத்திலிருந்து அவர் கதையைக் கேட்பதில்லை, செய்தியைக் கேட்கிறார். அதைவிடப் பெரிய விஷயம், கதையில் வரும் அந்தப் பெண் நாளைக்குச் சந்தையில் நாலு பேர் கண்ணில் நிற்க வேண்டும். இதை நான் சிறிதும் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். பெயரை வைத்து யாரும் ஆளைக் கண்டுபிடிப்பதில்லை. தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, நடந்த விபரீதத்தின் வரிசை இவற்றை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். கதையைத் தாங்கி நிற்கும் விவரங்களில் இரண்டையாவது மாற்றுங்கள். ஆணைப் பெண்ணாக்குங்கள், கடல் தொழிலை வட்டையில் (வயல்வெளியில்) முல்லைக்காரன் என்ற வயல் வேலையாளின் வேலையாக்குங்கள், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்குக் கொண்டுபோங்கள். மாற்றியதும் கதை சரிந்துவிட்டால், உங்களிடம் இருந்தது ஒரு சம்பவம் மட்டுமே, கரு இன்னும் பிறக்கவில்லை. பிறகு அதே வட்டத்தில் வேறொருவரிடம் சொல்லிப் பாருங்கள். யாரென்று கேட்காமல் என்ன நடந்தது என்று கேட்டால் சரி.

‘இதை முன்பே வாசித்திருக்கிறோம்’

சுனாமியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை அதிகம் கேட்பார்கள். அந்தச் சொல் மனதை வருத்தும், ஏனென்றால் 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் யாருக்கும் இரவல் அனுபவம் இல்லை. எழுதுகிறவரே அன்று உறவைப் பறிகொடுத்தவராக இருக்கலாம். ஆனாலும் கேட்டவர் பொய் சொல்லவில்லை. அலை வருகிறது, ஓடுகிறார்கள், கை நழுவுகிறது. இந்த வரிசையை வாசகர் பல கதைகளில் கடந்து வந்திருக்கிறார். அடுத்த வரி அவருக்கு முன்கூட்டியே தெரிகிறது.

பொருளை மாற்றச் சொல்லவில்லை. அதே பொருளுக்குள் ஒரு வேலைநாளைத் தேடுங்கள். அந்த மனிதர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என்ன செய்கிறார்? சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பின் நாவலடிக் கரையிலிருந்த குடும்பங்கள் பல உள்ளே திராய்மடுவில் குடியேறின. கடல் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். அப்படியானால் தோணியின் எஞ்சினை இரவில் எங்கே வைப்பது? கரையில் விட்டால் களவு போகும், வீட்டுக்குக் கொண்டுவர ஒரு ஆள் வேண்டும். வளர்ந்த மகன் ஒருநாள் “இனி நான் சுமக்க மாட்டேன்” என்கிறான். அலையைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம், அது முழுதாக அந்த எஞ்சினின் பாரத்துக்குள் இருக்கிறது. இப்படி ஒரு கருவைச் சொன்னால் முன்பே வாசித்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

கேட்டவரிடம் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: “எந்த வரியில் மிச்சக் கதை தெரிந்துவிட்டது?” அவர் காட்டும் வரிக்கு முந்திய வரியில் நின்று வேறு வழி தேடுங்கள்.

‘இது நாவலுக்கான விஷயம்’

1978 நவம்பர் 23 சூறாவளியில் தொடங்கி, இடப்பெயர்வுகள் வழியாக, சுனாமி கடந்து, பேரன் வெளிநாடு போகும் நாள் வரை ஒரு கிழவியின் வாழ்க்கை. இப்படியொரு கரு எங்கள் மாவட்டங்களில் எல்லா வட்டத்துக்கும் வந்து சேரும். பாராட்டாகவே ‘நாவல்’ என்பார்கள். சிறுகதைக்கு அது எச்சரிக்கை.

ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள், முடிந்தால் ஒரு மணித்தியாலத்தை. பேரன் போகும் காலை என்று வைத்துக்கொள்வோம். மற்ற வருடங்கள் அத்தனையும் அந்தக் காலையில் கிழவி செய்யும் ஒரு காரியத்துக்குக் காரணமாக மட்டும் நிற்கட்டும். எந்த நாள் என்று தெரியாவிட்டால், கேட்டவர்களிடம் “எந்தக் காட்சி கண்ணில் தெரிந்தது?” என்று கேளுங்கள். அதிகம் பேருக்குத் தெரிந்த காட்சியே உங்கள் நாள்.

ஆளாளுக்குத் தங்கள் சொந்தக் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்

“எங்கள் மாமிக்கும் இப்படித்தான்” என்று ஒருவர் தொடங்குவார். கரு மறந்துபோகும், ஒரு மணித்தியாலம் ஓடிவிடும். வட்டத்தை நடத்துகிறவர்கள் இதை நிறுத்தப் பார்ப்பார்கள். நிறுத்த வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள். எந்த வரியைக் கேட்டதும் அவர் தன் நினைவுக்குள் போனார் என்பதே பெரிய தகவல். அந்த வரி உயிருள்ளது.

எடுத்துக்காட்டுக் கருவில் ‘குவைத்’ என்ற சொல்லுக்கே ஒரு அம்மா தொடங்கிவிட்டார். அவருடைய மருமகள் அங்கிருந்து வட்ஸ்அப் வீடியோவில் அழைப்பாளாம். வீட்டில் யாராவது தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாகக் காட்ட வேண்டுமாம். “மேலே காட்டு, சீலிங்கைக் காட்டு” என்பாளாம். சம்பாதித்த வீட்டை அவள் கண்டதெல்லாம் அந்தச் சிறிய திரையில்தான். அந்த அம்மா இதைச் சொல்லி முடித்தபோது எழுதியவர் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு தனியாகப் போய், “அம்மா, நீங்கள் சொன்னதை எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டார். கேட்க வேண்டும். நினைவு அவருடையது.

‘அங்கே அப்படி நடக்காது’

இதில் வாதம் வேண்டாம், உடனே திருத்துங்கள். முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் ஒரு வீட்டுக்குள் நடக்கும் கதையில் பிள்ளை தகப்பனை ‘அப்பா’ என்று கூப்பிட்டால், அந்த ஊரார் அடுத்த வரியை நம்ப மாட்டார்கள். அங்கே அவர் வாப்பா, தாய் உம்மா, மூத்த சகோதரி ராத்தா. விளைந்து நிற்கும் வயலைத் தவறான மாதத்தில் காட்டினால் சூடடிக்கும் களவெட்டியில் நின்றவர் கதையை மூடி வைப்பார். வட்டத்தில் வெவ்வேறு ஊரும் தொழிலும் மதமும் உள்ளவர்கள் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுவே.

சில வேளை தகவல் திருத்தம் கதையையே திறந்துவிடும். இன்னொருவரின் வாழ்க்கைக்குள் போய் எழுதும்போது, அந்த வாழ்க்கையிலிருந்து வந்த ஒருவர் வாசிக்காமல் அதை வெளியே விடவே கூடாது.

பாதிப் பேர் தாயின் பக்கம், பாதிப் பேர் மகளின் பக்கம்

இது பிழையா என்று முதலில் பாருங்கள். என்ன நடந்தது என்பதில் அவர்கள் வேறுபட்டால் பிழை. கரு தெளிவாக இல்லை, உட்கார்ந்து திருத்துங்கள். செய்தது சரியா என்பதில் வேறுபட்டால் மகிழுங்கள், ஒன்றையும் தொடாதீர்கள்.

இரண்டாம் வரைவை வாசித்தபோது எங்கள் வட்டத்தில் குரல் உயர்ந்துவிட்டது. “உழைத்தவளுக்குத் துரோகம்” என்றார் ஒருவர். “மூத்தவளுக்கு வயது போய்விட்டது, இளையவளாவது வாழட்டும் என்று எந்தத் தாயும் நினைப்பாள்” என்றார் இன்னொருவர். இருவரும் நடந்ததை ஒரே மாதிரி சொன்னார்கள். எழுதியவருக்கு அந்தச் சண்டை அச்சமாக இருந்தது, தாயைக் கொஞ்சம் நல்லவளாக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து தடுத்தோம். கேட்டவர்கள் தீர்ப்புச் சொல்லத் தவிக்கும் இடத்தில் எழுத்தாளர் தாமே தீர்ப்பைச் சொல்லிவிட்டால் வாசகருக்கு அங்கே வேலையில்லை.

குறுக்கிட்டு விளக்கம் சொல்ல வாய் துடிக்கிறது

“இல்லை, அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்றால்…” என்று தொடங்கியதும் நிறுத்திவிட்டு, சொல்ல வந்ததைத் தாளில் எழுதுங்கள். அந்த விளக்கம் கருவுக்குள் இருந்திருக்க வேண்டியது. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்துப் பட்டறையின் வழியில் வந்த பல வகுப்புகளில், தன் படைப்பைப் பற்றி மற்றவர்கள் பேசும் நேரம் முழுவதும் எழுதியவர் மௌனமாக இருக்க வேண்டும். அது கடுமையான விதி. கடைசிவரை கட்டிப்போடுவது எனக்கு உடன்பாடில்லை. முதல் சுற்றில் மௌனம், இரண்டாம் சுற்றில் கேள்வி என்று வைத்துக்கொண்டால் போதும்.

சொன்ன எல்லாவற்றையும் திருத்தினேன், கரு சப்பென்று ஆகிவிட்டது

பணிவுள்ளவர்களுக்கு வரும் கோளாறு. ஒருவர் சொன்னதற்காகத் தாய் நல்லவளானாள், இன்னொருவருக்காக மாப்பிள்ளை கெட்டவனானான், மூன்றாமவருக்காகக் கடைசியில் எல்லோரும் சேர்ந்தார்கள். இப்போது யாருக்கும் குறை இல்லை, எழுதியவருக்கு எழுதத் தோன்றவுமில்லை.

ஒவ்வொரு வரைவையும் திகதி போட்டு வைத்திருங்கள், பழையதை அழிக்காதீர்கள். முதல் வரைவை எடுத்து, எந்தச் சொல்லுக்காக இதை எழுதப் புறப்பட்டீர்கள் என்று பாருங்கள். அந்த ஒன்றுக்கு உதவும் திருத்தம் நிற்கட்டும், மற்றதெல்லாம் போகட்டும். ஒரே இடத்தைப் பலர் தொட்டிருந்தால் அவர்கள் சொன்ன மருந்துகள் வெவ்வேறாக இருந்தாலும் அந்த இடம் திருத்தப்பட வேண்டியதே. ஒருவர் மட்டும் தொட்ட இடத்தை, அவர் சொன்னது உங்கள் நெஞ்சில் தைத்தாலொழிய, விட்டுவிடலாம்.

‘முடிவு பிடிக்கவில்லை’

முடிவைத் தொடாதீர்கள். பிழை அநேகமாக மேலே, கதை யாருடையது என்ற இடத்தில் இருக்கிறது. இரண்டாம் வரைவில் தாய் உறுதி எழுதுவதா, மனம் மாறுவதா என்று எழுதியவர் மாறி மாறி வைத்துப் பார்த்தார். எதைச் சொன்னாலும் கேட்டவர்கள் முகத்தில் நிறைவில்லை. எழுதினால் கொடுமை, எழுதாவிட்டால் நன்னெறிக் கதை.

இந்த நிலையில் கேட்க வேண்டிய கேள்வி: இதில் அதிகம் இழக்கப்போகிறவர், ஆனால் வாயே திறக்காதவர் யார்? திருப்பிச் சொன்னபோது எல்லோரும் மறந்துபோன இளையவள் நினைவிருக்கிறதா? வீடு அவளுக்கு வருகிறது, அக்கா அவளிடமிருந்து போகிறாள். தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பவளும் அவள். மூன்றாம் வரைவு:

“வெள்ளிக்கிழமை தோறும் குவைத்திலிருந்து அக்கா வீடியோவில் அழைப்பாள். வீட்டைச் சுற்றிக் காட்டுவது 22 வயதுத் தங்கையின் வேலை. வரும் திங்கட்கிழமை அம்மா அந்த வீட்டைத் தங்கையின் பெயருக்கு எழுதப்போகிறார், அக்காவுக்குத் தெரியாது. இந்த வெள்ளி அக்கா, தனக்கென்று ஒதுக்கி வைத்த அறையைக் காட்டச் சொல்கிறாள். தங்கையின் கலியாணத்துக்காக நேற்றுத்தான் அந்த அறைக்கு வேறு நிறம் பூசினார்கள்.”

முப்பது வருடக் குடும்பக் கதை ஒரு தொலைபேசி அழைப்புக்குள் வந்துவிட்டது. உறுதி எழுதப்படுமா என்பது இனிக் கேள்வியில்லை. கதவைத் திறப்பாளா, பேட்டரி முடிகிறது என்பாளா, அக்கா நிறத்தைப் பார்த்துவிட்டு என்ன கேட்பாள்? அந்த நேரத்தில் அம்மா எங்கே நிற்கிறார்? இதை வாசித்த பிறகு முடிவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. “எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார்கள்.

இன்னும் யாரிடமாவது காட்டலாமா என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது

புதிதாகக் கேட்பவர்கள் முன்பு கேட்டவர்களின் கேள்விகளையே திருப்பிக் கேட்கத் தொடங்கிவிட்டால், அல்லது கேள்விகள் கருவை விட்டு விவரங்களுக்குப் போய்விட்டால், கருவைக் காட்டுவதை நிறுத்திவிடுங்கள். எங்கள் எடுத்துக்காட்டில் கடைசியாக வந்தவை இப்படியானவை: அந்த அறையின் பழைய நிறம் என்ன, அக்கா அழைக்கும்போது இங்கே மணி எத்தனை, தங்கை அவளை அக்கா என்கிறாளா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளா. இவற்றுக்குப் பதில் வட்டத்தில் கிடைக்காது, எழுதும்போதுதான் கிடைக்கும். அந்தக் கேள்விகளைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, அழைப்பு மணி அடிக்கும் இடத்திலிருந்து முதல் வரைவைத் தொடங்குங்கள்.